செகப்ப அமுக்கு, சத்தம் போடு

ஜூன் 21, சனி

ஓசூரில் சாரல். ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கழற்றிப் பைக்குள் திணித்தேன். ஒரே மாவட்டம், ரெண்டு வானிலை.

எடுத்துப் போனது:
ப்ளெக்ஸ் 2
காலி பூச்சிமருந்து டப்பா 3
கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் காபித்தூள் கரைத்த தண்ணீர் (எடுத்துக் குடிக்கப் போகிறவனைப் பிடிக்க)
காய்ந்த மூங்கில் கம்பு 1
பழைய ஸ்டார்ட்டர் பெட்டி 1 (பம்புசெட் மோட்டாரை ஓட்ட மேலே பச்சை பட்டன், நிறுத்தக் கீழே சிவப்பு). அன்வர் பாய் கடைச் சரக்கு. எட்டுக் கிலோ இருக்கும். பஸ்ஸில் என் மடியில்.

கிராமப் பள்ளிகளில் பாதுகாப்புப் பாடம் எடுக்கக் கம்பெனி தன்னார்வலர் பட்டியலில் ஆறு பேர். டி-ஷர்ட்டும் ஆறு. சனிக்கிழமையானால் வருவது நான் ஒருத்தன். கூட வருகிற அன்வர் பாய்க்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை. கிருஷ்ணகிரியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சுத்துப்பட்டில் அவர் கை படாத பம்புசெட் குறைவு. "புள்ளைங்களுக்கு நல்லது சொல்றீங்க, வரேன் சார்" என்று சொல்லி ஒட்டிக்கொண்டவர். டி-ஷர்ட் கொடுத்தேன், வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை.

இன்று நாகரசம்பட்டி தாண்டி உள்ளே, புளியங்கொட்டாய். நடுநிலைப் பள்ளி. வழியெல்லாம் மாங்காய் லாரி. பிள்ளைகள் நாற்பது சொச்சம். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், எனக்குப் புரியக் கூடாததற்கு மறுபடி தெலுங்கு.

பாடம்: மருந்து பாட்டில். மூடாத கிணறு. டிராக்டர் பின்னால் தொத்துவது. கடைசியில் கரண்ட்.

முதலில் வழக்கம்போல என் விரல். வலது கையில் மோதிர விரல் பாதிதான். பிரஸ் மெஷின் தின்றது, பதினோரு வருஷம் ஆகிறது. கையைத் தூக்கிக் காட்டினால் போதும், நாற்பது வாயும் மூடிக்கொள்ளும். விரல் போனதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

கரண்ட் பாடத்துக்கு இந்த முறை பாட்டு. பஸ்ஸில் நானே கட்டினது:

செகப்ப அமுக்கு, சத்தம் போடு,
ஆள இழு, ஆஸ்பத்திரி ஓடு.

தீப்பிடித்த மாதிரி பற்றிக்கொண்டது. மேஜை மேல் ஸ்டார்ட்டர் பெட்டி. ஒரு பையன் இல்லாத மோட்டாரைப் பிடித்துக்கொண்டு கரண்ட் அடித்தவன் போல உதறுகிறான். ஒரு பிள்ளை ஓடி வந்து சிவப்பு பட்டனை அமுக்கி "ஆஃப் பண்ணிட்டேன்" என்று கத்த வேண்டும். இன்னொரு பிள்ளை அவனை இழுக்க வேண்டும். எல்லாரும் நடித்தார்கள். பவித்ரா என்று ஒரு பெண், ஆறாம் வகுப்பு, ரெட்டைச் சடை, அவள்தான் முதல். குரல் கொஞ்சம் சன்னம். "கேக்கல, இன்னும் சத்தமா" என்றேன். மூன்றாம் தடவை கத்தினதில் சமையல் அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். கைதட்டல். அவளுக்கு பேட்ஜ் குத்திவிட்டேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

திரும்பும்போது பாய் சொன்னது:

"சார், செகப்ப மட்டும் சொல்லிட்டு விட்றாதீங்க. அது மோட்டாரத்தான் நிறுத்தும். கம்பத்துலர்ந்து பெட்டி வரைக்கும் வர்ற வயருல கரண்ட் இருந்துக்கினேதான் இருக்கும். ப்யூஸ் கட்டைய புடுங்கணும்."

"ஆறாங்கிளாஸ் பிள்ளையை ப்யூஸ் கட்டையில் கை வைக்கச் சொல்றதா பாய்? அது இதைவிட மோசம்."

"கை வைக்கச் சொல்லல. பெரியவங்க வந்து கட்டைய புடுங்குற வரைக்கும் யாரும் ஆளத் தொடாதீங்கன்னு சொல்லுங்க."

"ரெண்டு வரிக்குள்ள அடங்கணுமே பாய்" என்றேன். அவர் சிரித்தார். நானும்.

ஜூன் 22, ஞாயிறு

தூக்கம். துணி. எங்கள் மூக்கண்டப்பள்ளியில் தண்ணீர் வரவில்லை, டேங்கர். மனைவி உமாவுக்கு ஜலதோஷம். சின்னவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே "ஆள இழு, ஆஸ்பத்திரி ஓடு" என்று பாடுகிறாள். நேற்று வீடு வந்ததும் அவளிடம்தான் பாடிக் காட்டினேன். "நீங்க பாட்டு எழுதுறவரா ஆயிட்டீங்கப்பா" என்றாள்.

ஜூன் 28, சனி

ஒரே நாளில் ரெண்டு பள்ளி, சூளகிரிப் பக்கம். பாட்டு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ வாத்தியார் வீடியோ எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார். கம்பெனி மேடம் (எங்கள் ஒருங்கிணைப்பாளர்) மூன்று கைதட்டல் படம் அனுப்பினார்.

பாய் இன்று ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து தட்டினார்.

ஜூலை 5, சனி

ரெண்டு பள்ளி. மொத்தம் ஐந்து ஆச்சு. தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குக் காபி.

ஜூலை 9, புதன்

மதியம் ஒன்றே கால். கேன்டீனில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன். புளியங்கொட்டாய் தலைமையாசிரியை (த.ஆ.).

"சார், நீங்க பேட்ஜ் குத்தினீங்களே, பவித்ரா. அவங்க அம்மா நேத்து செத்துட்டாங்க. கரண்ட் அடிச்சு."

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு நானே மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

நேற்று சாயங்காலம். மோட்டார் கொட்டாய். தக்காளிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ப்யூஸ் பெட்டியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வருகிற வயர் எலி கடித்துப் போய், டேப் சுத்தினது. பவித்ராவின் அப்பா முனியப்பா அதை ஒதுக்கி வைக்கக் கை கொடுத்திருக்கிறார். பிடித்துக்கொண்டது. அம்மா மஞ்சுளா வரப்பிலிருந்து ஓடி வந்திருக்கிறார். கையில் தக்காளிக்கு ஊன்றுகிற குச்சி, காய்ந்த சவுக்கு. அதால் அடித்துத் தள்ளத்தான் ஓங்கியிருக்கிறார். அதற்குள் பவித்ரா ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டு "ஆஃப் பண்ணிட்டேன், இழும்மா" என்று கத்தியிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காதால் கேட்டது. மஞ்சுளா குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையால் இழுத்திருக்கிறார். முனியப்பா இந்தப் பக்கம் விழுந்தார். வயர் அறுந்து அந்தம்மாள் மேல் விழுந்தது.

முனியப்பாவுக்கு உள்ளங்கை வெந்துபோனதோடு சரி. மஞ்சுளா அங்கேயே.

"பாட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"யாரும் கேக்கல சார். நானும் சொல்லல" என்றார் த.ஆ. வைத்துவிட்டார்.

சாம்பார் தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது. எடுத்துப் போய்க் கொட்டினேன். அப்புறம் ஷிப்ட் முடியும் வரை வேலை செய்திருக்கிறேன், என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

எங்கள் பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு மெஷின் சிவப்பு பட்டன், காளான் மாதிரி. தட்டினால் நிற்கும். ஆனால் நின்ற மெஷினுக்குள் நாங்கள் கை வைக்க மாட்டோம். மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே கை போகும். புதிதாக வருகிற டிரெய்னிக்கு முதல் நாள் நான் சொல்லித் தருகிற பாடமே அதுதான். "நின்னுடுச்சுன்னு நம்பாதே." இதைச் சொல்லும்போது விரலைக் காட்டுவேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. தெரியும். பாட்டில் இடமில்லை என்று விட்டேன்.

மேஜை மேல் நான் வைத்த ஸ்டார்ட்டருக்கு வயரே கிடையாது. எதோடும் சேராத வெறும் பெட்டி. சிவப்பை அமுக்கினால் எல்லாம் முடிந்தது என்று அதைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும்.

மேடம் கூப்பிட்டார். விஷயம் எப்படியோ போயிருக்கிறது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"சங்கர், நாம சொல்லிக் கொடுத்ததுக்கும் அங்க நடந்ததுக்கும் நேரடித் தொடர்பு இருக்குன்னு யாரும் சொல்லல. நீங்களா போய்ச் சொல்லாதீங்க. உங்க பேர்ல ஏதாவது வந்தா கம்பெனி கூட நிக்காது. இதை உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. வீடியோவை குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

வீட்டில் சின்னவள் சாப்பிட்டுக்கொண்டே அதையே முணுமுணுத்தாள். "வாயை மூடு" என்று கத்திவிட்டேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். உமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னேன், எல்லாம். அவள் கைகழுவக்கூட எழுந்திருக்காமல் கேட்டாள்.

ஜூலை 12, சனி

சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும். ஐந்து பள்ளி. புளியங்கொட்டாய் நீங்கலாக நாலு. இன்று ரெண்டு, அடுத்த சனி ரெண்டு. போகாதே என்று மேடம் சொன்னது அந்த வீட்டுக்குத்தான். பள்ளிக்கு இல்லை என்று எனக்கு நானே வக்கீல்.

முதல் பள்ளி. என்னைக் கேட்டிலேயே பார்த்துவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். தாளம் போடுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாக. பாய்தான் நடுவில் போய் நின்று அடக்கினார்.

"அந்தப் பாட்டு தப்பு. மறந்துடுங்க" என்றேன்.

"ஏன் சார்?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"நல்லாத்தான சார் இருக்குது."

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "சார் தப்பு பண்ணா யாரு சார் அடிப்பாங்கோ?" எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் அதட்டினார். நான் அந்தப் பிள்ளையிடம் "தெரியலை" என்றேன்.

பிறகு பாய் சொன்னார், பொறுமையாக, கரும்பலகையில் கம்பம், ப்யூஸ் பெட்டி, ஸ்டார்ட்டர், மோட்டார் என்று நாலு கட்டம் போட்டு. "புள்ளைங்க எதையும் தொடக்கூடாது. பட்டனையும் தொடக்கூடாது. ஆளையும் தொடக்கூடாது. பெரியவங்கள கூப்புடணும். மெயின் கட்டைய புடுங்கற வரைக்கும் அவங்களயும் தொட விடக்கூடாது. காஞ்ச கம்பு இருந்தா அதால தள்ளணும், அதுவும் பெரியவங்கதான்." நல்ல பாடம். அரை மணி நேரம். பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் ரெண்டு பையன்கள் மெல்ல: ஆள இழு, ஆஸ்பத்திரி ஓடு.

ரெண்டாவது பள்ளியும் அதே.

ஜூலை 13, ஞாயிறு

புளியங்கொட்டாய் போகக் கிளம்பினேன். கிருஷ்ணகிரி வரை போனேன். உள்ளூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்றார். ஏறவில்லை. டீ குடித்தேன். இன்னொரு டீ. அடுத்த பஸ்ஸும் போனது. மாம்பழம் ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

உமா: "போனீங்களா?"

"பஸ் கிடைக்கல."

"ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரியில பஸ் கிடைக்கல" என்று அவளே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மாம்பழத்தை அரிந்து வைத்தாள். சின்னவள்தான் சாப்பிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

ஏ ஷிப்ட் முடித்து நேரே கிருஷ்ணகிரி, பாய் கடை. வார்னிஷ் வாசனை. செம்புக் கம்பி சுத்திக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே பேசினார்.

முனியப்பா வீட்டிலிருந்து வயர் மாற்ற இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போலீஸும் கரண்ட் ஆபீஸும் பார்த்துவிட்டுப் போனபின் நேற்று போயிருக்கிறார்.

"பெட்டியத் தொறந்து பாத்தேன் சார். ஸ்டார்ட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. அமுக்குனா சுத்தமா விடுது. தண்ணியும் அந்த நேரத்துலயே நின்னுடுச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரரு சொல்றாரு. பாப்பா சரியாத்தான் அமுக்கியிருக்குது."

"ஊரில் என்ன பேசிக்கிறாங்க?"

"பாப்பா பட்டன மாத்தி அமுக்கிடுச்சுன்னு. ரெண்டு பட்டனும் மசி புடிச்சுக் கருப்பாக் கெடக்குது. அதுவே அப்டித்தான் சொல்லுதாம், நாந்தான் மாத்தி அமுக்கிட்டேன்னு. முனியப்பா அதுகிட்ட ஒரு பேச்சு பேசல. அது தட்டுல சோறு வச்சா இவரு எந்திரிச்சுப் போயிடறாரு. வெள்ளிக்கிழமை காரியம். திங்கக்கிழமை தாய்மாமன் வந்து கர்நாடகா மாலூருக்குக் கூட்டிக்கினு போறானாம். அங்க தக்காளி மண்டில வேல இருக்குதாம். பள்ளிக்கூடம் இனிமே இல்ல."

"நீங்க சொல்லலையா, அவ சரியாத்தான் அமுக்கினான்னு?"

"சொன்னேன். அப்ப மஞ்சுளா ஏன் செத்தான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் என்ன சார் சொல்றது? பாட்டச் சொல்லணும். பாட்டு உங்களுது."

அவர் கம்பியை இன்னும் ரெண்டு சுத்து சுத்தினார்.

"அன்னைக்கே நீங்க சொன்னீங்க பாய்" என்றேன்.

அவர் கம்பியை வெட்டினார். "நானும் பக்கத்துலதான நின்னேன். அடுத்த பள்ளில கையும் தட்டுனேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 16, புதன்

கணக்காக யோசித்துப் பார்க்கிறேன்.

சொல்லாவிட்டால்: எனக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெண் பதினோரு வயதில் அம்மாவைக் கொன்றவள், தன் வாயாலேயே. மாலூர் மண்டியில் தக்காளி பொறுக்குவாள்.

சொன்னால்: அடி விழலாம். போலீஸ் வரலாம். வேலை போகலாம். சின்னவள் பள்ளி, உமாவின் ஆஸ்துமா மருந்து, எல்லாம் இந்த ஒரு வேலையில்.

உமாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "ரெண்டாவது பத்தியில எங்களை ஏன் இழுக்கறீங்க?" என்றாள். "பயமா இருக்குன்னு எழுதுங்க, போதும்."

பயமாக இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

இன்று காரியம். அந்த நேரத்தில் நான் பிரஸ்ஸில் அச்சு (டை) மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்று பீஸ் ரிஜெக்ட். காற்று பலமாக அடித்து ஷெட் தகரம் நாள் முழுக்க அதிர்ந்தது.

மேடத்துக்கு மெசேஜ்: ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன், என் சொந்தப் பொறுப்பில், டி-ஷர்ட் போடாமல். பதில்: "நான் இதைப் பார்க்கவில்லை." அரை மணி கழித்து இன்னொன்று: "பத்திரமா போய்ட்டு வாங்க."

ஜூலை 19, சனி

மீதி ரெண்டு பள்ளியும் ஆயிற்று. பாட்டு வேண்டாம் என்றதும் ஒரு இடத்தில் பிள்ளைகளே வேறு வரி போட்டார்கள்: தொடாத தொடாத தொடவே தொடாத. பாய் அதையே சொல்ல வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இனி எனக்குப் பாட்டு வராது.

ஜூலை 20, ஞாயிறு

காலை ஏழு மணி பஸ். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று. பாய் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பஸ்ஸில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். நல்ல வாத்தியார்.

பள்ளியிலிருந்து கால் மணி நடை. மாந்தோப்பு முடிகிற இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் வீடு. பந்தல் பிரித்த குழி இன்னும் மூடவில்லை. முனியப்பா கட்டிலில். வலது கையில் கட்டு, ஓரம் மஞ்சளாகிப் போனது. பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் இன்னொருவர், மஞ்சுளாவின் அண்ணன். நாளைக்குக் கூட்டிப் போக இன்றே வந்துவிட்டார். வாசல்படி ஓரத்தில் பள்ளிக்கூடப் பையும் ஒரு கட்டைப்பையும் தயாராக.

ஆபீஸ்காரர் யாரோ என்று நினைத்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"என் பேர் சங்கர். பள்ளிக்கூடத்துல பாதுகாப்புப் பாடம் எடுத்தவன்" என்றேன். பத்துத் தடவை ஒத்திகை பார்த்த எதுவும் வாய்க்கு வரவில்லை. "பாப்பா தப்புப் பண்ணல. சரியான பட்டனைத்தான் அமுக்குச்சு. அமுக்கிட்டு ஆஃப் பண்ணிட்டேன்னு கத்தணும், உடனே ஆள இழுக்கணும்னு சொல்லிக் குடுத்தது நான். அதுதான் தப்பு. பட்டன அமுக்கினாலும் பெட்டிக்கு வர்ற வயருல கரண்ட் இருக்கும். அதை நான் சொல்லல."

மாமன்தான் முதலில் எழுந்தார். "நீ யார்றா சொல்லிக் குடுக்கறதுக்கு?" சட்டையைப் பிடித்தார். ஒரு பட்டன் தெறித்தது. நான் கையைக் கீழேயே வைத்திருந்தேன்.

"உடு மச்சான்" என்றார் முனியப்பா. எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "முழுசாச் சொல்லட்டும்."

முழுசாகச் சொன்னேன். மேஜை, வெறும் பெட்டி, பாட்டு. பாட்டைச் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். பிள்ளைகள் வாயில் கேட்ட பாட்டு, அந்த வாசலில் என் குரலில், கேட்கச் சகிக்கவில்லை.

அதற்குள் பவித்ரா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள். சடை இல்லை. முடியைச் சுருட்டி ஒரு ரப்பர். பாதியாக இளைத்திருந்தாள்.

"இல்ல சார். நான் மேல இருந்தத அமுக்கிட்டேன்" என்றாள். பாடத்தில் கேள்விக்குப் பதில் சொல்கிற அதே சன்னக் குரல்.

"நீ அமுக்கினதும் மோட்டார் சத்தம் நின்னுச்சா?"

யோசித்தாள். "நின்னுச்சு."

"அப்ப கீழ இருக்கறதத்தான் அமுக்கியிருக்க. மேல அமுக்கினா நிக்காது."

"அப்புறம் ஏன் சார் கரண்ட் வந்துச்சு?"

குனிந்து மண்ணில் கோடு போட்டேன். கம்பம், ப்யூஸ் பெட்டி, ஸ்டார்ட்டர், மோட்டார். அப்பா பிடித்த இடம் இது. உன் பட்டன் நிறுத்துவது இதற்கு அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கத்தை நிறுத்தாது. முனியப்பாவும் கட்டிலிலிருந்து எட்டி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"அன்னைக்கே?"

"அன்னைக்கே."

அவள் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்தேன். முடிந்தது, சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது கேட்டாள்:

"நான் கத்தாம இருந்திருந்தா அம்மா குச்சியக் கீழ போட்டிருக்க மாட்டாங்க இல்ல?"

இதற்கு ஒத்திகை இல்லை. இல்லை பாப்பா, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிடலாம். மாமன்கூட அதைத்தான் எதிர்பார்த்தார், தலையை அசைத்து சைகை காட்டினார். பிள்ளைக்குத் தாங்காது என்று பாதியை மறைக்கலாம். ஒரு தடவை அப்படிப் பாதியை மறைத்துத்தான் இந்த வாசலில் வந்து நிற்கிறேன்.

"ஆமா" என்றேன். "போட்டிருக்க மாட்டாங்க. உன்னக் கத்தச் சொன்னது நான். நீ மெதுவாத்தான் கத்தின. இன்னும் சத்தமா, இன்னும் சத்தமான்னு மூணு தடவை கத்த வச்சது நான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுதாள். வாயைத் திறந்து, வயிற்றிலிருந்து. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "அழுடி, அழு. அம்மாவ எடுத்த அன்னிக்குக் கூட அழுவல இது."

முனியப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். எனக்குத்தான் வருகிறது என்று நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். நான் போட்ட கோட்டின் மேலேயே கால் வைத்துப் போனார். கட்டுப் போட்ட கையை அவள் தலையில் வைத்தார். வைக்கும்போது வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தார்.

"பாப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "வா. உள்ள வா. சாப்புடலாம்."

அவளை முன்னால் விட்டு உள்ளே போனவர், படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"பைய எடுத்து உள்ள வையி மச்சான்."

மாமன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ரெண்டு பையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெண்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நானாகத்தான் வந்தேன்.